கல் உருண்டையில் பட்டுப் பிசிறு

"இதுல ரெசின் பிசின் பூசியிருக்கீங்க. இல்லன்னா தூசி ஏன் இப்படி ஒட்டுது?"

வேலூரிலிருந்து வந்திருந்த பல் டாக்டர் மேடம், கையிலிருந்த கல் உருண்டையை நீட்டி என்னிடம் கேட்டார்.

நான் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ஆரணியில் பட்டுச் சேலைக் கடை வைத்திருக்கும் சம்பத் அண்ணன், கடையின் பின்னறையில் ஆன்லைனில் கற்களும் விற்கிறார். நகைக் கற்கள் அல்ல. கனிமங்களைச் சேகரிப்பவர்கள் அலமாரியில் வைத்துப் பார்க்கும் கற்கள். போட்டோ, விவரக் குறிப்பு, பேக்கிங் மூன்றும் என் பொறுப்பு. முள்ளிப்பட்டில் தறி நெய்யும் எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். படித்தது பி.காம்.

மேடம் கையில் இருந்தது பிங்க் டூர்மலின் உருண்டை. ஜெய்ப்பூரில் கடைந்து பாலிஷ் போட்டது. எலுமிச்சை அளவு, ரோஸ்மில்க் நிறம். போட்டோவில் பார்த்துப் பிடித்துப்போய், நேரில் பார்த்து வாங்க வந்திருந்தார். கற்கள் சேகரிப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவர் இருக்கிறார். "ஆரணிக் கடையில் பூச்சுக் கல்" என்று அதில் ஒரு வரி போட்டால் போதும், எங்களிடம் யாரும் கல் வாங்க மாட்டார்கள்.

அண்ணன் என்னைத் தனியே இழுத்தார். "இன்னாடா பண்ணி வெச்ச? எண்ண கிண்ண தடவுனியா?"

"இல்லண்ணா. போட்டோ எடுக்க லைட்டுக்குக் கீழ வெச்சி, பட்டுத் துணியால தொடச்சிகினே இருந்தேன்."

"தொடச்சிகினே இருந்தா எப்பட்றா ஒட்டும்? பேஜாராப் பூடுச்சே!"

எங்கள் ஊரில் எதைத் துடைக்கவும் கைக்கு முதலில் வருவது வெட்டி மிஞ்சிய பட்டுத் துணிதான். அதன் பிசிறுதான் கல்லில் ஒட்டியிருந்தது. அவசரமாகத் துடைக்கப் போனேன்.

"இருங்க தம்பி, கைய எடுங்க" என்று மேடம் லென்ஸை வைத்துப் பார்த்தார். உருண்டையை மெல்லத் திருப்பினார். "ரெண்டே எடத்துல இருக்கு. எதிரும் புதிருமா. நடுவுல சுத்தமா ஒண்ணுமில்ல."

"ஒவ்வொரு தடவையும் அதே எடந்தான் மேடம்" என்றேன்.

"நெஜமாவா?"

பார்த்துவிடுவோம் என்றார். சேலையில் நெசவுப் பிழையைக் குறிக்க ஒட்டும் சின்ன ஸ்டிக்கர் இரண்டை எடுத்து வந்தேன். "பிசிறு மேல ஒட்டாதீங்க, பக்கத்துல ஒட்டுங்க. அப்புறம் பசையில ஒட்டுச்சுன்னு நானே சொல்லுவேன்" என்று சிரித்தார். அலமாரியிலிருந்து அதே அளவில் ஒரு கண்ணாடி உருண்டையையும் எடுத்தோம். இரண்டையும் ஈரத்துணியால் துடைத்து, விளக்கடியில் சூடாக்கி, விளக்கை அணைத்துவிட்டுப் பிசிறைத் தூவினோம்.

கண்ணாடியில் தூவியது வழுக்கி விழுந்தது. டூர்மலினில், இரண்டு ஸ்டிக்கர்களின் பக்கத்தில் மட்டும், பிசிறு மயிர்க்கூச்செடுத்த மாதிரி எழுந்து நின்றது.

"சூடு மாறுனா டூர்மலின்ல மின்சாரம் வரும்னு படிச்சிருக்கேன். கண்ணால பார்த்ததில்ல" என்றார் மேடம். இந்தக் கல் மண்ணுக்குள் நீளமாக, குச்சிபோல வளருமாம். மின்சாரம் அதன் இரண்டு முனைகளில்தான் சேருமாம்; பிசிறை இழுப்பது அதுதானாம். கடைந்தவர் நீளத்தைச் செதுக்கி உருண்டையாக்கினாலும், முனைகள் இரண்டும் இருந்த திசை கல்லுக்குள் அப்படியே இருக்கிறது.

அண்ணனுக்கு அதெல்லாம் வேண்டாம். "அப்போ டூப்ளிகேட் இல்லதான மேடம்?"

"பூச்சா இருந்தா எல்லா எடத்துலயும் ஒட்டியிருக்கும். டூப்ளிகேட்டுக்குத் தலை எது, கால் எதுன்னு எப்படிங்க தெரியும்? பேக் பண்ணுங்க. அந்தப் பிசிறையும் ஒரு கவர்ல போட்டுக் குடுங்க."

"பிசிறுக்கும் பில் போட்டுடாதடா" என்றார் அண்ணன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல எனக்கு இருப்பது இதுதான்: வாடிக்கையாளர் ஒரு குறையைக் காட்டினால் உடனே துடைக்க ஓடாதீர்கள். அது எங்கே இருக்கிறது, ஏன் அங்கே மட்டும் இருக்கிறது என்று முதலில் அவரோடு சேர்ந்து பாருங்கள்.