ஒரு வால் வித்தியாசம்

தில்லியில் பிரஸ் எங்கே இருக்கிறது என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். வேப்பமரத்தடியில் கரிப்பெட்டியை வைத்துக்கொண்டு சட்டை தேய்க்கும் ஆளிடம் உங்களை அனுப்பிவைப்பார்கள். இஸ்திரி போடுவதற்கு இங்கே பிரஸ் என்று பெயர். வந்து பன்னிரண்டு வருஷமாகியும் எனக்கு அது உறைக்கவில்லை. லோதி ரோடு குவார்ட்டர்ஸில் எங்கள் கீழ்வீட்டு மல்ஹோத்ராவிடம், "பாய்சாப், யஹான் கோயி அச்சா பிரஸ் ஹை?" என்று நல்ல பிரஸ் ஒன்றை விசாரித்தேன். எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். ஐந்நூறு என்றேன். மனிதர் என் தோளுக்கு மேலாக எங்கள் வீட்டு வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, "பான்ச் ஸௌ? கர் மேன் ஷாதி ஹை க்யா?" என்றார். வீட்டில் கல்யாணமா என்று கேட்கிறார். ஐந்நூறு சட்டைகளைத் தேய்க்கக் கல்யாண வீட்டுக்காரனைத் தவிர வேறு யார் அலைவார்கள்? இல்லை, புத்தகம் போடப் போகிறேன் என்றேன். அவர் முகத்தில் தெரிந்த இரக்கத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். எங்கள் நாகர்கோவிலில் அச்சகம் எது, இஸ்திரிக் கடை எது என்று குழப்பமே கிடையாது. அங்கே குழப்பம் வேறு. நான் பள்ளியில் படித்தபோது கருமாதி நோட்டீஸ் ஒன்றில் ஒரு 'க்' விட்டுப்போனதற்காக வடசேரி டீக்கடையில் அரைநாள் பஞ்சாயத்து நடந்தது. செத்தவரைப் பற்றி ஒருவரும் வாய்திறக்கவில்லை. அந்த இடத்தில் ஒற்று மிகுமா மிகாதா என்பதுதான் பேச்சு. அப்படிப்பட்ட ஊரில் புத்தகம் போட்டால் வாங்க ஆள் வராது, பிழை பார்க்க ஊரே திரண்டு வரும். தில்லியில் இரண்டுக்கும் ஆள் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் இறங்கினேன்.

புத்தகத்தில் பதினான்கு கதைகள். எல்லாம் அலுவலகச் சாப்பாட்டு வேளையில், பழைய கோப்புகளின் முதுகில் எழுதியவை. தலைப்பு 'பழங்கறி'. எங்கள் பக்கத்தில் விருந்துக்கு மறுநாள், மிஞ்சிய குழம்பு, அவியல், கூட்டு எல்லாவற்றையும் ஒரே பானையில் கொட்டிச் சுண்டவைப்பதற்கு அதுதான் பெயர். சென்னையில் மூன்று பதிப்பாளர்களுக்கு அனுப்பினேன். ஒருவர் பதிலே போடவில்லை. ஒருவர் பதிலுக்காக நான் வைத்திருந்த தபால்தலையை மட்டும் ஏற்றுக்கொண்டார். மூன்றாமவர், தலைநகரில் தமிழ் வளர்ப்பதற்காக என்னை மனதாரப் பாராட்டி, கட்டைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். பிறகு நானே பதிப்பாளர் ஆனேன். அதற்கு எந்தத் தகுதியும் தேவைப்படவில்லை.

ஆனால் நான் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் வேறு. என் மகள் வாணிக்கு அப்போது பத்து வயது, தில்லியிலேயே பிறந்தவள். இந்தியில் வகுப்பில் முதல். பள்ளியில் தமிழும் சொல்லிக்கொடுத்தார்கள், எழுத்துகள் தெரியும். ஆனால் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு வாசிப்பாள். வரி முடிவதற்குள் அதன் தொடக்கம் மறந்துபோகும். நான் எங்கிருந்து வந்தவன், எதற்குச் சிரிப்பேன், எதற்குக் கோபப்படுவேன் என்பதெல்லாம் அந்தக் கதைகளில்தான் இருக்கிறது. அதை இந்தியில் சொல்ல எனக்கு வராது. அவள் ஒரு கதையாவது படிக்க வேண்டும். அவள் படிக்காவிட்டால் அந்த ஐந்நூறு பிரதியும் எனக்கு வெறும் காகிதம்தான்.

அலுவலகத்தில் செய்தி பரவியது. எங்கள் சூப்பரின்டென்டன்ட் மேத்தா கையைப் பிடித்துக் குலுக்கினார். "அச்சா! கிஸ் எக்ஸாம் கே லியே?" என்றார். எந்தப் பரீட்சைக்கான புத்தகம் என்று கேட்கிறார். இலாகாப் பரீட்சை கைடு தவிர ஒரு குமாஸ்தா வேறென்ன எழுத முடியும்? கதைகள் என்றேன். யோசித்துவிட்டு, அப்படியானாலும் லட்டு வாங்கித்தர வேண்டியதுதான் என்று தீர்ப்புச் சொன்னார். பிரிவு முழுவதும் லட்டு தின்றது. என் இலக்கியத்துக்குக் கிடைத்த ஒருமனதான வரவேற்பு அது ஒன்றே.

கடைசியில் கரோல் பாக் சந்து ஒன்றில் தமிழ் எழுத்து வைத்திருந்த அச்சகம் அகப்பட்டது. கல்யாணப் பத்திரிகையும் பூஜை நோட்டீஸும்தான் அங்கே அடிப்பார்கள். எழுத்துக் கோக்கும் சிவ்சரணுக்குச் சொந்த ஊர் பல்லியா பக்கம். தமிழில் ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாது. உருவத்தைப் பார்த்து உருவத்தை எடுத்து அடுக்குவார். எழுத்துகளுக்கு அவரே பெயர் வைத்திருந்தார். 'இ' ஜிலேபி. 'ஃ' மூன்று லட்டு. துணைக்கால் மேஜை. 'ர' என்பது வால் முளைத்த மேஜை. படிக்கத் தெரிந்தவர்கள் அவசரத்தில் சொல்லை விழுங்குவார்கள். சிவ்சரண் என் அசிங்கமான கையெழுத்தில் இருந்த ஒரு புள்ளியைக்கூட விட்டதில்லை. பாரத்துக்குப் பதினாறு பக்கமாக முதல் எட்டுப் பாரங்களையும் புரூப் பார்த்தபோது, எங்கள் வடசேரி டீக்கடையை இங்கே கொண்டுவந்து நிறுத்தலாம் போல இருந்தது எனக்கு. அந்த மிதப்பில் கடைசிப் பாரங்களின் புரூப்பை நான் பார்க்கவில்லை. ஆபீஸில் ஆடிட் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் சோம்பல்.

புத்தகக் கட்டு வீட்டுக்கு வந்தது. முதல் பிரதியைப் பிரித்து வாணியின் கையில் கொடுத்து, காணிக்கைப் பக்கத்தைக் காட்டினேன். 'என் மகள் வாணிக்கு' என்பது நான் எழுதியது. அவள் விரல் வைத்து வாசித்தாள்.

"வ... ர... ணி... க்கு. அப்பா, யே வரணி கௌன் ஹை?"

அடுக்களையிலிருந்து என் மனைவி செண்பகம் கரண்டியோடு வந்தாள். "ஆரு அவ வரணி? எனக்குத் தெரியாம தில்லியில எவளையாம் மகளா வச்சிருக்கேளா?"

பிடுங்கிப் பார்த்தேன். கடைசியாக அச்சேறிய காணிக்கைப் பக்கத்தில் மட்டும் இல்லை. கடைசி இரண்டு பாரங்களிலும் துணைக்கால் இருக்க வேண்டிய பல இடங்களில் 'ர' உட்கார்ந்திருந்தது. என் கதாநாயகி காலையில் எழுந்து வாசலில் சரணம் தெளித்தாள். கதவருகே நின்ற காதலன், இன்னொரு வரட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். கடைசிக் கதையில், வாய்க்கால் கரையில் நாகம் ஒன்று புதருக்குள் போகும். அச்சில், நரகம் புதருக்குள் ஊர்ந்து போயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாகப் பின்னட்டையில் என் படத்துக்குக் கீழே, கொட்டை எழுத்தில்: 'பிறந்தது நரகர்கோவிலில்.'

அன்று மாலையே கரோல் பாக் போய் நின்றேன். சிவ்சரண் இரண்டு அச்செழுத்துகளை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். மேஜைகள் தீர்ந்துபோய்விட்டனவாம். கல்யாணப் பத்திரிகைக்கு இவ்வளவு மேஜை தேவைப்படாதாம். நான்தான் மேஜை மேஜையாக எழுதித் தள்ளியிருக்கிறேனாம். "தோனோன் ஏக் ஹீ தோ ஹைன், சாப். ஸிர்ஃப் பூஞ்ச் கா ஃபரக் ஹை," என்றார். இரண்டும் ஒன்றுதான், ஒரு வால்தான் வித்தியாசம். கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். என் மொழியில் அந்த மனிதருக்கு ஒரு சொல் தெரியாது. ஆனாலும் நூற்று இருபத்தெட்டு பக்கம் பிழையில்லாமல் கோத்திருக்கிறார். தமிழ் தெரிந்த நான் மிச்சத்தைப் பார்க்கச் சோம்பல்பட்டேன். வாயை மூடிக்கொண்டேன். அவரே ஒரு சவர பிளேடை எடுத்துக் கையில் கொடுத்தார். வாலைச் சுரண்டிவிட்டால் மேஜையாகிவிடும் என்றார்.

அந்தக் குளிர்கால ஞாயிறுகள் அப்படித்தான் போயின. தில்லியில் குளிர்காலத்து ஞாயிறு என்றால் குவார்ட்டர்ஸே புல்வெளியில் பாய் விரித்து வெயில் காயும். மற்றவர்கள் வேர்க்கடலை உடைப்பார்கள், ஸ்வெட்டர் பின்னுவார்கள். நாங்கள் மூன்று பேரும் வால் வெட்டினோம். எல்லா வால்களையும் வெட்ட ஆயுள் போதாது. 'அப்பர' என்று இருந்தால் வாசகர் அப்பா என்று திருத்திக்கொள்வார் என நம்பி, அர்த்தம் மாறிப்போன பதினேழு இடங்களை மட்டும் குறித்துக்கொடுத்தேன். முதல் வாலை வாணிதான் வெட்டினாள், தன் பெயரில். நாக்கைத் துருத்திக்கொண்டு, காகிதம் கிழியாமல் சுரண்டி, ஊதிவிட்டு, "அப் மேன் ஹூன்," என்றாள். இப்போதுதான் அது நானாம். மிஸஸ் மல்ஹோத்ரா பட்டாணி உரிப்பதை நிறுத்திவிட்டு ஒரு கட்டு வாங்கிக்கொண்டாள். தமிழே தெரியாத அந்த அம்மாள் எங்கள் எல்லாரையும்விட வேகமாக வெட்டினாள். பின்னட்டையை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. வழவழப்புக் காகிதம், சுரண்டினால் வண்ணம் பெயர்ந்து வெள்ளை ஓட்டை விழுந்தது. வாணியிடம் அதைச் சொல்லவும் இல்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

நாலாவது ஞாயிறு என்று நினைவு. வாணியின் கை நின்றுபோயிருந்தது. திட்டலாம் என்று திரும்பினேன். பிளேடைப் பாயில் வைத்துவிட்டு, பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அந்தப் பாம்பு அப்புறம் எங்க போச்சு?"

"அடுத்த பக்கத்துல இருக்கு."

"பதா ஹை, தெரியும். நீங்க சொல்லாதீங்க, நானே படிக்கறேன்."

ஒரே வரியைச் சுரண்டிச் சுரண்டி, அந்த வரி அவளுக்கு மனப்பாடமாகி, அதன் பக்கத்து வரியும் தானாக வாசிக்க வந்திருக்கிறது. சாயங்காலத்துக்குள் கதையை முடித்துவிட்டாள். அன்று எனக்கு வந்த அழுகையைக் கடலைத் தோல் கண்ணில் விழுந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். என் புத்தகம் விற்றுத் தீர்ந்துவிட்டது என்று நான் நினைத்தது அன்று ஒருநாள்தான்.

ஏனென்றால் அதற்குப் பிறகு உண்மையிலேயே விற்கப் போனேன். கரோல் பாக்கில் காப்பிப்பொடி, அப்பளம் விற்கும் கடைக்காரர் பெரிய மனது பண்ணி ஊறுகாய் ஜாடிகளுக்குப் பக்கத்தில் ஐந்து பிரதி வைத்தார். நான் நின்றிருந்தபோதே மாயவரத்து மாமி ஒருத்தி எடுத்துப் புரட்டினாள். "பழத்துல கறி பண்றதா? எங்காத்துல வழக்கமில்லையே. அளவு எங்க போட்டிருக்கு?" என்று கடைக்காரரிடம் கேட்டாள். மாமி, இது சமையல் புத்தகம் இல்லை, கதைகள் என்றேன். "அப்போ எதுக்கு இந்தப் பேரு?" என்று வைத்துவிட்டாள். தமிழர்கள் கூடும் ஆண்டு விழா ஒன்றில் வாசலோரமாக மேஜை போட்டேன். முனிர்காவில் அறையெடுத்திருந்த ஆராய்ச்சி மாணவர் ஒருவர் நின்றபடியே ஒரு கதையை முழுதாகப் படித்து முடித்து, புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைத்து, "நல்லா இருக்கு சார்," என்று சொல்லிவிட்டு உப்புமா வரிசைக்குப் போனார். மற்றவர்கள் ஓசிப் பிரதி கேட்டார்கள். கையெழுத்தும் போட்டுத் தரச் சொன்னார்கள்.

ஊருக்கு அனுப்பிய பிரதிக்குச் செண்பகத்தின் அண்ணன் பதில் போட்டார். அவர் நாகர்கோவிலில் பாங்கு உத்தியோகஸ்தர். இன்லண்ட் கடிதத்தில் மொத்தம் மூன்று வரி. 'மாப்ளைக்கு, புஸ்தகம் கிட்டிச்சு. பின்னட்டை வரைக்கும் வாசிச்சேன். டெல்லித் தண்ணி குடிச்சதும் நம்ம ஊரு நரகமாயிட்டோ?' அச்சுப்பிழை என்று நான்கு பக்கம் விளக்கம் எழுதினேன். எழுதும்போதே எனக்குக் கூசியது. பி.ஏ. முடித்து நான்கு வருஷம் வேலையில்லாமல் அதே ஊரில் திரிந்த காலத்தில், ஒருநாள் வடசேரிச் சந்தை முக்கில் நின்று, இந்த ஊர் நரகம், நான் போனால் திரும்பமாட்டேன் என்று கத்தினேன். யாரிடம் கத்தினேன் தெரியுமா? இதே மச்சினரிடம். தில்லிக்கு ரயில் டிக்கெட் வாங்கித்தந்தவரும் அவர்தான். சிவ்சரண் எப்படியோ அதைக் கண்டுபிடித்து அச்சில் ஏற்றிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். மச்சினரிடமிருந்து அதற்குப் பிறகு கடிதம் இல்லை.

கோடை விடுமுறையில் நேரிலேயே போய்ச் சமாதானம் செய்வது என்று கிளம்பினோம். வாணிக்கு நினைவு தெரிந்து அதுதான் ஊருக்கு முதல் பயணம். இரண்டரை நாள் ரயில், திருவனந்தபுரத்தில் இறங்கி மறுபடி பாசஞ்சர். வழியெல்லாம் அவள் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு தமிழில் இருந்ததையெல்லாம் சத்தம் போட்டு வாசித்துக்கொண்டே வந்தாள். சுவரில் சோப்பு விளம்பரம், எச்சில் துப்பாதீர், எதையும் விடவில்லை. எனக்குத் தலைகால் புரியாத பெருமை. மச்சினர் கேட்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். தில்லியில் வளர்ந்த பிள்ளை தமிழ் வாசிப்பதைக் கேட்டால் அவருக்கு மனம் இளகிவிடும். என் நான்கு பக்க விளக்கத்தைவிட அது நன்றாக வேலை செய்யும்.

வண்டி நின்றது. மச்சினர் வேட்டியும் குடையுமாகப் பிளாட்பாரத்தில் நின்றிருந்தார். சிரிக்கவில்லை, ஆனால் வந்திருந்தார். வாணி முதலில் குதித்து இறங்கினாள். எதிரே மஞ்சள் பலகை. அண்ணாந்து பார்த்தாள். வீட்டில் நாங்கள் வாய்க்கு வாய் 'நாரோல்' என்றுதான் சொல்லுவோம். அந்த ஊரின் பெயரை முழுசாக எழுத்தில் அவள் பார்த்தது ஐந்நூறு பின்னட்டைகளில் மட்டும்தான்.

"அப்பா!" என்று பிளாட்பாரம் முழுக்கக் கேட்கக் கத்தினாள். "போர்டு கலத் ஹை, தப்பு! வால் போட மறந்துட்டாங்க!"

மச்சினர் பலகையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "பிள்ளை என்ன சொல்லுகு, மாப்ள?" என்றார்.

வாணி என் சட்டைப்பையிலிருந்த பேனாவுக்காகக் கையை நீட்டியபடி நின்றாள். பெட்டியை இறக்கிப் பிளாட்பாரத்தில் வைத்தேன். நல்ல கனம். சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கவென்று அதில் நாற்பது 'பழங்கறி' இருந்தது. நாற்பதின் முதுகிலும் நான் பிறந்த ஊர், வாலோடு.