அளவெடுத்த கயிறு

டெய்லரம்மாவுக்கு நீந்தத் தெரியாது. வீட்டு முன்னறையில் இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிச் சீருடை தைப்பவளுக்கு நீச்சல் எதற்கு? ஆனால் அவளைக் கட்டியவருக்குப் பென்ஷன் வந்த மாதமே கிறுக்குப் பிடித்தது. முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனிதர், இனிமேல் சக்கரம் இல்லாத வண்டிதான் என்று ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கிவந்து துறையில் கட்டினார். அவரைத் தனியாக அனுப்ப மனசு வராமல் அவளும் கூடப் போனாள். ஏழு வருஷம், படகின் பின்பக்கக் குழியில் சுக்கானைப் பிடித்தபடி, அந்த இடத்தை விட்டு ஓரடி நகராமல் உட்கார்ந்திருந்தாள்.

காற்று கூடினால் பாயைச் சுருக்கவேண்டும். பாவாடையின் கீழ்மடிப்பைத் தூக்கித் தைக்கிற மாதிரிதான். பாயைக் கொஞ்சம் இறக்கி, முன்னோரத்திலும் பின்னோரத்திலும் உள்ள வளையங்களை, பாயின் அடியோரத்தைத் தாங்கிப் படுத்திருக்கும் அடிக்கட்டையோடு இழுத்துக் கட்டினால் பாய் சின்னதாகும், படகு சாய்வதும் குறையும். ஆனால் அதற்கு ஒருவர் குழியை விட்டு ஏறி, ஆடுகிற தளத்தில் பாய்மரத்தடி வரை போகவேண்டும். எப்போதும் போவது டிரைவர்தான்.

போன வருஷம் காதில் வந்த ஒரு நோய்க்குப் பிறகு அவருக்குத் தலைசுற்றல். தெருவில்கூடச் சுவரைத் தொட்டுக்கொண்டே நடப்பார். அப்படியும் ஒரு நாள் வீறாப்பாக எழுந்து போனார். கால் வழுக்கியது. ஓரத்துக் கம்பியைப் பிடித்துத் தொங்கினார், இரண்டு காலும் தண்ணீரில். எப்படியோ ஏறி வந்து, "ஒண்ணுமில்ல, கால் நனைஞ்சுது" என்று சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து கண்ணை மூடினால் அந்த இரண்டு கால்கள்தான்.

"பாய் சுருக்குற கயிறு குழிக்கு வரட்டும். அதுக்கப்புறம்தான் படகு கிளம்பும்" என்றாள்.

"யாரு செய்யறது?"

"நான்தான். உங்க கையில விட்டா அடுத்த ஜென்மத்துலதான் முடியும்."

துணி வெட்டும் காக்கித் தாளில் படம் போட்டுக்கொண்டாள். ஒரே கயிறு. அடிக்கட்டையின் பின்நுனியில் ஆரம்பித்து, பின்வளையத்தில் நுழைந்து, கட்டைக்குள்ளேயே முன்னால் ஓடி, முன்வளையத்தையும் தொட்டு, பாய்மரத்தடிக் கப்பியில் திரும்பி, படகு நடுவிலிருக்கும் அறையின் கூரை மேலாகக் குழிக்கு வரும். அங்கே அதைக் கவ்விப் பிடிக்க ஒரு கிளட்ச். உட்கார்ந்த இடத்திலிருந்தே இழுத்தால் இரண்டு வளையமும் தானாக இறங்கிவிடும். பாயை ஏற்றி இறக்கும் கயிறு ஏற்கெனவே குழிக்குத்தான் வருகிறது. இனி எவரும் எழுந்திருக்கத் தேவையில்லை.

காற்றில்லாத ஒரு காலையில், மடிந்து கட்டைமேல் கிடந்த பாயின்மீது டேப்பை ஓட்டி மூன்று தடவை அளந்தாள். துணியைக் கிடத்தித்தானே அளப்பார்கள். குழிக்குள் கிடக்க எட்டடி சேர்த்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் கூட வாங்கிக்கங்கம்மா" என்றார் கயிற்றுக் கடைக்காரர்.

"எனக்கே அளவு சொல்லித் தர்றீங்களா?"

மனிதர் அவள் சொன்ன அளவுக்கே வெட்டிக் கொடுத்தார். கிளட்சை விட்டு நழுவாமலிருக்கக் கயிற்று நுனியில் எல்லாரும் முடிச்சுப் போடுவார்கள். முடிச்சு சோம்பேறி வேலை என்பது அவள் கட்சி. நுனியைச் சிவப்பு நூலால் சுற்றி அழகாகத் தைத்தாள்.

கிளம்பிய அன்று இளங்காற்று. டிரைவர் குழியில் நின்றபடியே பாயை ஏற்றினார். எதிரே ஒரு பெரிய மீன்பிடிப் படகு வந்துகொண்டிருந்ததால் இருவர் கண்ணும் அதன்மேல்தான். பாய் மேலே போகப் போக வளையங்களும் மேலே போயின. அவை போன உயரத்துக்கெல்லாம் கயிறு வேண்டுமே. திறந்திருந்த கிளட்ச் வழியாக, சத்தமே இல்லாமல், அந்த எட்டடியும் போய்விட்டது.

மதியத்துக்குமேல் தண்ணீர் கறுத்துக்கொண்டு வந்தது. முதல் காற்று அடித்ததும் படகு ஒருபக்கமாகப் படுத்து, தண்ணீர் விளிம்பில் ஏறியது. டெய்லரம்மா கிளட்சில் கை வைத்தாள். கயிறு இல்லை. வெறும் ஓட்டை. குனிந்து தேடினாள், காலடியில் துழாவினாள். கூரைக்கு மேலே பார்த்தாள். அவள் தைத்த சிவப்பு நூல் நுனி பாய்மரத்தடிக் கப்பியில் சிக்கித் துடித்துக்கொண்டிருந்தது. கிடக்கிற பாயை அளந்திருக்கிறோம், நிற்கிற பாயை அளக்கவில்லை என்பது அந்தக் கணத்தில்தான் உறைத்தது.

"விடு, நான் போறேன்" என்று டிரைவர் எழுந்தார். எழுந்தவர் ஆடினார். கூரை விளிம்பைப் பிடித்த கை ஒருமுறை நழுவியது.

அவள் அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். "நீங்க சுக்கானப் பிடிங்க. படகு மூக்கைக் காத்துக்கு நேரா வைங்க. சொல்லும்போது பாயை இறக்குங்க."

"உனக்கு நீந்தத் தெரியாது."

"தெரியாதுதான்."

அவர் இடுப்பிலிருந்த, கொக்கி வைத்த பாதுகாப்பு பெல்ட்டைக் கழற்றித் தான் கட்டிக்கொண்டாள். தளத்தின் நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருந்த வாரில் கொக்கியை மாட்டிவிட்டு, குழந்தை மாதிரி நாலு காலில் போனாள். ஒவ்வொரு அலைக்கும் நெற்றியைத் தளத்தில் அழுத்திக்கொண்டாள். முழங்கால் சிராய்த்தது தெரியவில்லை. கம்பியைத் தாண்டித் தண்ணீரைப் பார்க்கவே இல்லை, பார்த்திருந்தால் அங்கேயே கிடந்திருப்பாள். பாய்மரத்தைக் கட்டிப் பிடித்த பிறகுதான் மூச்சு வந்தது.

"இறக்குங்க" என்று கத்தினாள். பாய் இறங்கியது. சிவப்பு நுனியைப் பிடித்து உடம்பு முழுக்கச் சாய்த்து இழுத்து, மரத்துக் கொக்கியில் சுற்றிக் கட்டினாள். வெட்கமில்லாமல் அதன்மேல் மூன்று முடிச்சுப் போட்டாள். படகு நிமிர்ந்தது.

திரும்பிக் குழிக்குள் விழுந்தபோதுதான் அவரைப் பார்த்தாள். சுக்கானை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், எதிரே பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழு வருஷமா, நான் முன்னாடி போனப்பல்லாம் நீ இப்படித்தான் உக்காந்திருந்தியா?"

"ஆமா" என்றாள். "முன்னாடி பாருங்க. கரை இன்னும் தூரம் இருக்கு."