அண்ணை வழித்த எலும்புகள்

குசினி மேசையில் பேப்பர் விரித்து, அதன்மேல் நாலு ஆட்டுத் தொடையெலும்புகள் பளபளவென்று கிடந்தன. மருந்துக்கும் இறைச்சி இல்லை. பக்கத்தில் அண்ணையின் கத்தி. ஐயோ, எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போது நினைத்தாலும் நெஞ்சு படபடக்கிறது.

நான் அப்போது பாரிசில் தொல்லியல் ஆய்வு செய்துகொண்டிருந்தேன். நியண்டர்தால் மனிதர் தாமே வேட்டையாடினார்களா, கழுதைப்புலி தின்றுவிட்ட மிச்சத்தைப் பொறுக்கினார்களா என்பதற்கு எலும்பில் உள்ள கீறல்கள்தான் சாட்சி. கல்லாயுதக் கீறலுக்கு மேலே விலங்கின் பல் பதிந்திருந்தால் மனிதர் முந்திவிட்டார். பல் தடத்தைக் கீறல் வெட்டிக்கொண்டு போனால் விலங்கு முந்திவிட்டது. பழைய எலும்பை வாசிக்க வேண்டுமானால், புதிய எலும்பில் நாமே கீறி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் சக்கிமுக்கிக் கல்லை உடைத்து, அந்தச் சில்லுகளால் நாலு பின்னங்கால்களிலும் இறைச்சியை அரிந்திருந்தேன். மறுநாள் பேராசிரியையிடம் காட்ட வேண்டும். தவணை கேட்டுக் கேட்டே அவரைச் சலிக்க வைத்தவள் நான். இந்தமுறையும் வெறுங்கையோடு வந்தால் ஆய்வில் இடமில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

ஆட்டுக்கால்களைத் துண்டு போடாமல் முழுசாக வாங்கித் தந்ததும் அண்ணைதான். அவருக்கு, தமிழ்க்கடைகள் நிறைந்த லா ஷப்பலில், ரூ காய் என்ற தெருவில் ஒரு சாப்பாட்டுக்கடையில் சமையல் வேலை. மத்தியானக் கூட்டம் முடிந்ததும் வீட்டுக்கு வந்து கொஞ்சம் கண்ணயர்வார். அன்று படுக்கவில்லை. எலும்பில் ஒட்டியிருந்த இறைச்சியைப் பார்த்து, பாவம், தங்கச்சிக்கு வெட்டத் தெரியவில்லை என்று நினைத்து, ஒட்ட வழித்துவிட்டார். வழித்ததைக் கறிக்கென்று ஃப்ரிட்ஜில் வேறு வைத்திருந்தார்.

"உனக்கு உதவியெண்டுதானே செய்தனான்."

"உங்களை ஆர் கேட்டது? நான் கல்லாலை போட்ட கீறலெல்லாம் போச்சு. என்ரை படிப்பையே வழிச்சு எறிஞ்சிட்டியள்!"

மறுநாள் அண்ணை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, கலியாண வீடுகளுக்குப் போடும் முழுக்கைச் சேட்டைப் போட்டுக்கொண்டு என்னோடு மெத்ரோவில் ஏறினார். "நான்தான் செய்தனான் எண்டு நானே சொல்லுறன்," என்றார். வழி முழுக்க அந்த ஒரு பிரெஞ்சு வசனத்தை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்.

பேராசிரியையின் அறையில் அண்ணை தன் வசனத்தைச் சொல்லி முடித்தார். பேராசிரியை முதல் எலும்பை நுணுக்குக்காட்டியின் கீழே வைத்தார். பிறகு அடுத்தது. நிமிர்ந்தே பார்க்கவில்லை. அண்ணை கதவருகில் நின்றபடி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் பேராசிரியை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். என் கல் போட்ட கீறல் அகலமாக, உள்ளே மெல்லிய கோடுகளோடு கிடந்தது. அண்ணையின் கத்தித் தடம் ஒடுக்கமாக, துப்புரவாக, அதன் குறுக்கே மேலால் போனது.

"யார் முந்தியது?" என்று கேட்டார்.

"நான்தான்."

இரண்டு எலும்புகளில் என் கீறல்கள் அழிந்தே போய்விட்டன, மற்ற இரண்டும் போதும், தொடர்ந்து செய் என்று வேகமான பிரெஞ்சில் சொன்னார். பிறகு அண்ணையைப் பார்த்து, எங்கள் கழுதைப்புலி இவர்தான் என்று சிரித்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அந்த வேகம் அண்ணைக்குப் பிடிபடவில்லை. "என்னவாம்?"

"என்ரை படிப்புத் தப்பிப் பிழைச்சிட்டுது. நீங்கள் கழுதைப்புலியாம்."

அவர் சிரிக்கவில்லை. நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. "அது கிடக்கட்டும். உன்ரை கீறல் ஒண்டும் அழியேல்லைத்தானே?"

"ஒண்டும் அழியேல்லை அண்ணை," என்றேன்.

அதற்குப் பிறகுதான் அவர் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு அதில் இருந்தார்.