மச்சானின் காருக்கு நான் ஊற்றிய எண்ணெய்

நுவரெலியா மலையேற்றப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்த காருக்கு எஞ்ஜின் வேலை செய்தவன் நான்தான்.

இப்படி எழுதி வைத்துவிட்டு ஒரு பிளேன்டீ குடிக்க எழுந்தேன். என் மனைவி கொப்பியை எடுத்து வாசித்தாள். ஒன்றும் சொல்லாமல் திருப்பி வைத்தாள். அவள் ஒன்றும் சொல்லாமல் வைத்தால் நான் திருத்தி எழுத வேண்டும் என்று அர்த்தம். சரி, எழுதுகிறேன். அந்தக் கார் இரண்டாவதாக வந்தது உண்மைதான், பின்னாலிருந்து எண்ணினால். எஞ்ஜின் வேலை செய்தது நானில்லை, கண்டியிலிருந்து வந்த இன்னொருவன். நான் செய்தது ஒரே ஒரு வேலை. அந்த ஒரு வேலையில் கார் பந்தயத்துக்கே போகாமல் நின்றிருக்கும்.

நோர்வூட்டில் ரோட்டோரமாகத் தகரக் கூரை போட்ட ஒரு கராஜ் இருக்கிறது. அது என்னுடையது. ஓட்டோ, தோட்டத்து லொறி, டிரக்டர், இரண்டு பழைய வேன்கள், இவைதான் என் நோயாளிகள். பள்ளிக்கூடத்தை ஏழாம் வகுப்போடு நான் விட்டுவிட்டதாக எல்லோரிடமும் சொல்லுவேன். உண்மையில் பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது. ஆனால் ஸ்பேனர் விடவில்லை. எங்கள் பக்கம் கைவேலை தெரிந்தவனை பாஸ் என்பார்கள். மேசன் பாஸ், தச்சு வேலைக்கு ஒரு பாஸ், எஞ்ஜினுக்கு நான். ஊரே என்னை பாஸ் என்று கூப்பிடும். என் மனைவியின் அண்ணன், எனக்குச் சம வயசுக்காரன், அவனும் அப்படித்தான் கூப்பிட்டான். பாஸ் என்றால் வாங்க, போங்க. மாப்ள என்றால் வா, போ. அவன் வாயிலிருந்து வருகிற அந்த வாங்க போங்கவில் எனக்கு ஒரு தனி ருசி இருந்தது.

அவன் கட்டாரில் பல வருஷம் லொறி ஓட்டிவிட்டு வந்து, போன வருஷம் ஒரு கார் வாங்கினான். சிவப்பு. இரண்டு கதவு. தவளை பதுங்குகிற மாதிரி தரையோடு தரையாக இருக்கும். எங்கள் தோட்டத்து வரிசை வீடுகள் இருக்கிற லயத்துக்கு இறங்குகிற பாதையில் அது இறங்காது, வயிறு தட்டும். அதனால் மேலே ரோட்டிலேயே நிறுத்தி வைப்பான். லயத்துச் சனமெல்லாம் மேலே ஏறிப் போய்ப் பார்த்தார்கள். நான் போகவில்லை. எங்கள் வீட்டுப் பின்கதவிலிருந்தே நன்றாகத் தெரிந்தது.

முதல் நாள் எங்களை ஹட்டன் வரை கூட்டிப்போனான். என் மனைவி முன்னால், அவள் அண்ணன் பக்கத்தில், ராணி மாதிரி. நான் பின்னால். அதைச் சீட் என்று சொல்வது பாவம். முழங்கால் இரண்டும் காதைத் தொட, கழுத்தை மடக்கி வைத்துக்கொண்டு போனேன். மூட்டை கட்டிப் போட்ட தேயிலைக் கொழுந்துகூட இதைவிடச் சொகுசாகப் போகும். காரென்றால் நாலு கதவு இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். யாரும் காதில் வாங்கவில்லை. டிக்கோயாவில் இறங்கி மூத்திரம் பெய்கிற சாக்கில் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். வயிறு எரிந்தது. காலையில் சாப்பிட்ட ரொட்டி என்று மனைவியிடம் சொன்னேன்.

ஒரு மாதம் போனதும், ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் நடக்கிற மலையேற்றப் பந்தயத்துக்குக் காரைக் கொண்டுபோகப் போவதாகச் சொன்னான். அதற்கு எஞ்ஜினுக்குக் காற்று கூடப் போக வேண்டும், புகை சீக்கிரம் வெளியேற வேண்டும், ட்யூன் பண்ண வேண்டும். நான் அன்று மாலையே கராஜைக் கூட்டிக் கழுவினேன். பழைய டயர்களை எல்லாம் பின்னால் அடுக்கினேன். வேலையை நான்தான் செய்யப்போகிறேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கொழும்பிலிருந்து மேலே வருகிற பழைய வண்டிகள் இங்கே வந்ததும் மூச்சுத் திணறும். மலையில் காற்று மெலிசு. நான் காபரேட்டரில் ஒரு ஸ்க்ரூவை அரைச் சுற்றுத் திருப்பிவிட்டால் பாடிக்கொண்டு போகும். சத்தத்தைக் கேட்டே திருப்புவேன். இந்த மாவட்டத்தில் என்னைப் போல் திருப்புகிறவன் இல்லை. இதுவும் பெருமைதான், ஆனால் இதை மனைவி திருத்தச் சொல்லமாட்டாள்.

மச்சான் வந்தான். கூட ஒருவன் வந்தான். மெல்லிய ஆள், மூக்குக் கண்ணாடி, தோளில் பை. கைகளைப் பார்த்தேன். நகத்தில் ஒரு பொட்டு கிரீஸ் கிடையாது.

"மாப்ள, ஒன் எடம்தான் மழைக்கு நல்லா இருக்கு. பாஸ் ரெண்டு மூணு நாளைக்கு இங்கன வேல செய்வாரு. பாஸுக்கு ஒரு டீ சொல்லு."

ஒரே மூச்சில் அந்தச் சொல்லை இரண்டு தடவை சொன்னான். இரண்டு தடவையும் எனக்கில்லை. நான் மாப்ள ஆகிவிட்டேன். டீ வாங்கப் போகிறவனும் ஆகிவிட்டேன்.

அந்த மூன்று நாளும் நான் ஒரு ஓட்டோவின் பிளக்கைக் கழற்றி, துடைத்து, பூட்டி, மறுபடி கழற்றிக்கொண்டிருந்தேன். அவ்வளவு சுத்தமான பிளக் இலங்கையிலேயே இருந்திருக்காது. கண் முழுக்க அங்கேதான். கண்டிக்காரன் எஞ்ஜினுக்குப் பக்கத்திலிருந்த கறுப்புப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, மினுமினுக்கிற ஒரு தடித்த குழாயைப் பூட்டினான். அதன் நுனியில் கூம்பு மாதிரி ஒரு காற்று பில்டர், சிவப்புத் துணி மடிப்பு மடிப்பாக. எஞ்ஜின் சூடு அதில் படாமல் ஒரு அலுமினியத் தகட்டை அவனே வெட்டி வளைத்து மறைப்பு வைத்தான். வெட்டு நேராக இருந்தது. கோணலாக இருக்கும் என்று எதிர்பார்த்து எழுந்து போய்ப் பார்த்தேன். நேராகவே இருந்தது. அடுத்த நாள் அடியில் படுத்து, எஞ்ஜினிலிருந்து வால் வரை புகைக் குழாய் முழுவதையும் மாற்றினான். பழைய சைலன்சர் பெரிய பலாப்பழம், புதியது ஒரு வெள்ளரிக்காய். மூன்றாம் நாள் லெப்டொப்பை எடுத்து ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் சொருகினான். ஸ்க்ரூ எங்கே என்று நான் கழுத்தை நீட்டித் தேடினேன். ஸ்க்ரூவே இல்லை. எந்த நேரத்தில் எவ்வளவு பெற்றோல் போக வேண்டும், எப்போது தீப்பொறி விழ வேண்டும் என்றெல்லாம் திரையில் கட்டம் கட்டமாக நம்பர் இருந்தது. இருவரும் ஹட்டனுக்குக் காரை ஓட்டிப் போவார்கள், திரும்பி வருவார்கள், அவன் நாலு நம்பரை மாற்றுவான், மறுபடி ஓட்டிப் போவார்கள். நான் காதால் செய்வதை அவன் விரல் நுனியால் செய்தான். அதுதான் தாங்க முடியவில்லை. ஒன்றும் தெரியாதவன் என்றால் சந்தோஷமாகச் சிரித்திருப்பேன்.

பிறகு சத்தம். மச்சான் வளைவில் கியர் மாற்றும்போது அது அடித்தொண்டையில் உறுமி, மேலே மலையில் கொழுந்து எடுக்கிற பெண்கள் எல்லாம் நிமிர்ந்து பார்ப்பார்கள். வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு கத்தினாலும் நிமிராதவர்கள். நானும் ஒருநாள் என் ஓட்டோவின் சைலன்சருக்குள் இருந்த தகட்டை வெட்டி எடுத்துவிட்டு அதே வளைவில் போனேன். ஒருத்தி நிமிர்ந்தாள். கீழே எதாவது கழன்று விழுகிறது பார்த்துப் போங்க என்று அக்கறையாகச் சொன்னாள். வீட்டுக்கு வந்தால், அது சளி பிடித்த கிழவன் காறுகிற மாதிரி இருக்கிறது என்று மனைவி சொன்னாள். மறுநாளே தகட்டை ஒட்டவைத்தேன்.

பந்தயத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது மச்சான் வலப்பனையில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. போகிற வழியில் கராஜில் நின்றான். பில்டரைக் கழுவி வைக்கச் சொல்லி கண்டிக்காரன் போனில் சொன்னானாம். சின்ன வேலைதான், நீ செய்துவிடுவாயா மாப்ள என்று கேட்டு, ஒரு பெட்டியைக் கையில் தந்தான். கழுவுவதற்கு ஒரு போத்தல், பூசுவதற்குச் சுண்டுவிரல் அளவில் ஒரு சிவப்பு எண்ணெய்ப் போத்தல், இங்கிலீஷில் எழுதிய ஒரு தாள். தாளை நான் மரியாதையாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

காரைக் கராஜிலேயே விட்டுவிட்டு அவன் பஸ் ஏறினான். கடைசியில் அந்தக் கார் என் கைக்கு வந்தது. பில்டரைக் கழற்றி, குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி கழுவினேன். எண்ணெய்க்கு வந்தபோதுதான் யோசித்தேன். இந்தத் துளி எண்ணெய் எதற்குக் காணும்? எங்கள் தோட்டத்துப் பழைய டிரக்டரில் காற்று பில்டருக்கு அடியில் ஒரு கிண்ணம் இருக்கும். அதில் எஞ்ஜின் ஒயில் நிறைய ஊற்றுவோம். உள்ளே போகிற காற்று அந்த எண்ணெயில் பட்டுத் தூசியை விட்டுவிட்டுப் போகும். எண்ணெய் குறைந்தால் எஞ்ஜின் போச்சு. நான் ஆயுசு முழுக்கப் பார்த்த பில்டர் அப்படி. லெப்டொப்காரன் கஞ்சன் என்று முடிவுகட்டினேன். என்னிடமிருந்த நல்ல ஒயிலாகப் பார்த்து எடுத்து, அந்தக் கூம்பு சொட்டச் சொட்டக் குடிக்கும் வரை ஊற்றினேன். பாசத்தில்தான் ஊற்றினேன். பாதி பாசம். மீதிப் பாதி, கார் ஜெயித்தால் அதற்குள் ஓடுகிறது என் எண்ணெய் என்று நாலு பேரிடம் சொல்லலாமே என்பது.

கல்யாணத்திலிருந்து வந்த மச்சான் மறுநாள் காலை காரை எடுத்தான். முன்னால் என் மனைவி, பின்னால் மடங்கிய நான். முதல் ஏற்றத்திலேயே கார் இருமியது. பிறகு விக்கியது. முன்னால் மஞ்சள் லைட் ஒன்று எரிந்தது, பின்னால் நீலப் புகை. மேலே மலையில் எல்லோரும் நிமிர்ந்தார்கள். தள்ளித்தான் கராஜுக்குக் கொண்டுவந்தோம்.

மச்சான் போனை எடுத்துக் கண்டிக்காரனைப் பிடித்தான். நம்பரை மாற்றி மாற்றி என் எஞ்ஜினைக் கெடுத்துவிட்டாய் என்று ஆரம்பித்து, எழுத முடியாத இடம் வரை போனான். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். கம்பியூட்டரை நம்பலாமா என்று மெல்ல எடுத்தும் கொடுத்தேன். போனை வைத்துவிட்டு மச்சான் சொன்னான்:

"நீங்க சொன்னது சரிங்க பாஸ். இனிமே ஒங்க கையிலயே விட்டுர்றேன்."

எத்தனை மாதமாக அதற்காகக் கிடந்தேன். அன்று அதில் ருசியே இல்லை. ஏனென்றால் கராஜுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தக் குழாயை மோந்து பார்த்திருந்தேன். என் ஒயில் வாசனை எனக்குத் தெரியாதா.

திட்டு வாங்கியும் கண்டிக்காரன் மறுநாள் முதல் பஸ்ஸில் வந்துவிட்டான். குழாயைக் கழற்றி உள்ளே விரலைவிட்டுத் தடவினான். மோந்தான். காற்றை அளக்கிற ஒரு சின்னக் கம்பி அந்தக் குழாய்க்குள் இருக்கிறதாம், அதில் எண்ணெய் படிந்தால் எவ்வளவு காற்று வருகிறது என்று எஞ்ஜினுக்குத் தெரியாதாம். அவன் நிமிர்ந்து என் கையைப் பார்த்தான். நகத்தைப் பார்த்தான் என்று நினைக்கிறேன். பிறகு குனிந்து அந்தக் கம்பியைக் கழற்றத் தொடங்கினான். மச்சான் இன்னும் அவனை ஏசிக்கொண்டிருந்தான். நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். கண்டிக்காரன் அடுத்த பஸ்ஸில் போய்விடுவான், நான் பாஸாக இருப்பேன்.

அவன் ஒரு தடவையாவது என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் சண்டை பிடித்திருப்பேன். பேசாமல் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"டிரக்டருக்கு ஊத்துற மாதிரி ஊத்திட்டேன்," என்றேன். "நாந்தான். எஞ்ஜின் ஒயிலு. அரைப் போத்தல் இருக்கும்."

மச்சான் ஏசுவதை நிறுத்தினான். சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி வாசலில் நின்றாள். அவன் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"பரவால்ல மாப்ள," என்றான், பாத்திரத்தை உடைத்த பிள்ளையிடம் சொல்கிற குரலில். அதற்குப் பிறகு கண்டிக்காரனைத் தனியே கூட்டிப்போய் மன்னிப்புக் கேட்டான்.

பில்டரை மறுபடி கழுவினார்கள். ஆனால் அது காய வேண்டுமே. நோர்வூட்டில் அந்தக் கிழமை முழுக்க மழையும் மூடுபனியும். கொடியில் போட்ட சேர்ட்டு மூன்று நாளாக ஈரம். நெருப்பில் காட்டினால் துணி சுருங்கிவிடும் என்று கண்டிக்காரன் கையைப் பிசைந்தான். நான் பில்டரை எடுத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினேன். தேயிலை பெக்டரியில் காற்றாடி பெல்ட் அறுந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அங்கே மேல் மாடியில் பச்சைக் கொழுந்தை நீளத் தட்டுகளில் பரப்பி, அடியிலிருந்து இளஞ்சூடாகக் காற்று ஊதி வாட்டுவார்கள். தட்டின் ஓரத்தில் ஒரு மூலையைக் கேட்டு வாங்கி, கொழுந்தோடு கொழுந்தாக அதை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் கொண்டுவந்து கொடுத்தபோது மொறுமொறுவென்று இருந்தது. கண்டிக்காரன் மோந்து பார்த்துவிட்டு முதல் தடவையாகச் சிரித்தான். சிவப்பு எண்ணெயை மடிப்புக்கு ஒரு கோடாக அவனே பூசினான். எவ்வளவு என்று எனக்குக் காட்டிக் காட்டித்தான் பூசினான்.

பந்தயத்தில் என்ன நடந்தது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். கார் நன்றாகத்தான் போனது, மற்றக் கார்கள் அதைவிட நன்றாகப் போயின. பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. இப்போதும் அந்தச் சத்தம் கேட்டால் ரொட்டி சாப்பிட்ட மாதிரி வயிறு எரிகிறது. போன ஞாயிறுதான் மச்சான் முதல் தடவையாகச் சாவியை என் கையில் தந்தான். றொசல்ல வரைக்கும் நானே ஓட்டினேன். முன் சீட்டில் உட்கார்ந்தால் உலகமே வேறு. இரண்டாவது கியரில் ஒரு வளைவில் திரும்புகிறேன், முன்னால் ஒரு பஸ், பின்னால் ஒரு ஜீப், நான் என்ன செய்தேன் என்றால்...

"என்னங்க, அண்ணன் கூப்புடுது," என்கிறாள் மனைவி.

வெளியே எஞ்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது.

"பாஸ், கொஞ்சம் வாங்க. முன்னால என்னமோ சத்தம் வருது, என்னான்னு கேட்டுச் சொல்லுங்க."

எந்த பாஸைக் கூப்பிடுகிறான் என்று எட்டிப் பார்த்தேன். கண்டிக்காரன் வரவில்லை. வேறு யாரும் இல்லை. பேனாவை மூடுகிறேன்.