இடது கை வாசித்த ஆறு வினாடி

வாய்க்குக் கொண்டுபோன கரண்டியைப் பாதி வழியில் நிறுத்திவிட்டார். சூப் சட்டையில் சொட்டுகிறது. எதிர்க் கட்டடத்தில் யாரோ பாட்டுப் போட்டிருக்கிறார்கள்.

"இதுவும் நான்தான், சிஸ்டர்."

காலையிலிருந்து இது மூன்றாவது சட்டை.

எழுபத்து நான்கு வயது. இளமையில் ஒரு நடன விடுதியில் டிரம்ஸ் வாசித்தவர். அவருடைய குழு போட்டது ஒரே ஓர் இசைத்தட்டு. அதையும் யாரும் சீந்தவில்லை. அதில் ஒரு பாட்டின் நடுவே மற்றவர்கள் எல்லோரும் நிறுத்திவிட, இவர் மட்டும் ஆறு வினாடி தனியாக அடித்தார். பாடகர் தண்ணீர் குடிக்க விட்ட இடைவெளியாம். பல வருடம் கழித்து யாரோ அந்தத் துண்டை மட்டும் வெட்டியெடுத்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதன்மேல் பாட்டுக் கட்டினார்கள். அவரைப் பார்த்து இன்னொருவர், பிறகு ஆளாளுக்கு. வேகத்தைக் குறைத்தால் அதன்மேல் பேச்சாகவே பாடலாம். கூட்டினால் மூச்சிரைக்க ஆடலாம். பொடிப்பொடியாக நறுக்கி மாற்றிப் போட்டால் அது புதிதாக ஓர் இசைவகை, அதற்கு ஒரு பெயர்.

"என்னை நடக்க விட்டாங்க, ஓட விட்டாங்க, கடைசில கொத்திப் போட்டாங்க," என்பார், மகனைப் பற்றிப் பெருமையோடு அலுத்துக்கொள்ளும் தகப்பன் மாதிரி.

நான் நம்பவில்லை. அவர் மகள் அந்த இசைத்தட்டைப் போட்டுக் காட்டினாள். உண்மைதான். உண்மையாக இருப்பதுதான் என் தொல்லை.

பக்கவாதம் வந்து ஏழு வாரம். கால் தேறிவிட்டது. இடது கை மட்டும் பிழிந்த துணி மாதிரி மடியில் கிடக்கிறது. முதல் சில மாதங்களில் பழக்காவிட்டால் அப்படியே கிடந்துவிடும். ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்குப் பொத்தான்களை எடுத்துப்போட வேண்டும், வேளைக்கு இருபது. மனிதர் தொடுவதில்லை.

"சார், கை போயிடும்."

"அந்தக் கை ஊரெல்லாம் வாசிச்சிட்டு இருக்கு சிஸ்டர். வீட்லயும் வேலை செய்யணுமா?"

"ஊர்ல வாசிக்கிற கை வந்து உங்க சட்டைக்குப் பொத்தான் போடுமா?"

"அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே."

மகள் அடுக்களையிலிருந்து, "அப்பா, சிஸ்டர் ஒரு நாள் ஓடியே போயிடப் போறாங்க," என்றாள்.

"எந்தத் தாளத்துல ஓடுவாங்கன்னு கேளு."

சாயங்காலம் அவள் கைபேசியில் ஒரு புதுப்பாட்டைக் கொண்டுவந்தாள். தலையாட்டத் தொடங்கியவர் நிறுத்தினார். மறுபடி போடச் சொன்னார். மூன்று முறை கேட்டார். முகம் கடுகடுத்தது.

"நாலாவது அடியை நிமித்திட்டான்."

இடது கையால் அடித்த நாலாவது அடி, இசைத்தட்டில் மயிரிழை பிந்தி விழுமாம். அன்று உட்கார்ந்திருந்த முக்காலி ஆடியதால் வந்த பிசகு. இத்தனை வருடமாக வெட்டியவர்கள் அந்தப் பிசகையும் சேர்த்தே வெட்டினார்கள்; ஆடுகிறவர்கள் இடுப்பை அசைப்பதே அதனால்தான் என்பது இவர் கட்சி. இப்போது யாரோ கம்ப்யூட்டரில் அதைச் சரியான இடத்துக்கு நகர்த்திவிட்டார்கள்.

"நல்லாத்தானேப்பா இருக்கு."

"நல்லா இருக்கு. அதுல நான் இல்ல."

"எப்படி விழணும், காட்டுங்க," என்றேன்.

வலது கையால் மேசையில் தட்டினார். நாலாவது அடி கச்சிதமாக விழுந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி தட்டினார். மறுபடியும் கச்சிதம். எத்தனை முறை தட்டியும் வலது கைக்கு அந்தத் தாமதம் வரவில்லை.

மகள் பாட்டை நிறுத்தினாள். அவர் இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்துத் தூக்கி, மேசைமேல் பொத்தான் கிண்ணத்தருகே, என் முன்னால் வைத்தார். முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.