டார்லின் அக்காவும் போய்விட்ட நீலமும்

என் அக்கா டார்லினைப் பற்றி எழுதுவதென்றால் நாற்றத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். அரைத்த கீரையை இரண்டு நாள் வைத்திருந்து பாருங்கள், செத்த தவளை தேவலை என்று தோன்றும். அந்த நாற்றம் அவள் சேலையில், சோற்று டப்பாவில், பைபிள் அட்டையில்கூட ஏறியிருந்தது. நகக்கண் எப்போதும் பச்சை. சர்ச்சில் ராப்போஜனத்துக்குக் கை நீட்டினால் எங்கள் பாதிரி ஐயர் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் அப்பம் வைப்பார்.

அவளுக்கு அப்போது இருபத்தேழு வயது. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் தாவர ஆராய்ச்சி, மூன்றாவது வருடம். அது தொண்ணூற்று நான்காம் ஆண்டு. பத்தாம் வகுப்பில் நான் இரண்டு தடவை சறுக்கியிருந்ததால் வீட்டில் எனக்கு ஒரே ஒரு மரியாதையான வேலைதான் இருந்தது. வெயில் ஏறுவதற்குள் ஆற்றங்கரைத் தோட்டத்தில் சிறுகீரை பறித்து, ஈரத்துணியில் சுற்றி, சைக்கிளில் அவள் ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான். இலைக்குள் பச்சை மணிகள் உண்டு. வெளிச்சம் பட்டால் அவை தண்ணீரை உடைக்கும். அப்படி உடைத்து விடுகிற காற்றைத்தான் நாம் மூச்சு இழுக்கிறோம். உடைக்கிற இடத்தில் துளி கால்சியம் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தக் கால்சியம் மணிக்குள் எந்த வழியாக நுழைகிறது, வெளிச்சம் வந்ததும் ஏன் அவசரமாக நுழைகிறது என்பதுதான் அவளுடைய கேள்வி. அதற்கு முன் கால்சியம் இல்லாவிட்டால் மணி வேலை செய்யாது என்று காட்டியாக வேண்டும். கீரையை அரைத்து, வடிகட்டி, சுழற்றி, அடியில் தங்குகிற பச்சைக் களிம்பை மருந்து போட்டுக் கழுவிக் கால்சியத்தை எடுத்துவிடுவாள். பிறகு அதில் ஒரு நீலச் சாயம் விட்டு விளக்கு முன்னால் வைப்பாள். மணி வேலை செய்தால் நீலம் போய்விடும். செய்யாவிட்டால் நீலம் அப்படியே நிற்கும், அதுதான் அவளுக்கு வேண்டியது.

அவள் தனியாகச் செய்தபோதெல்லாம் நீலம் நின்றது. வழிகாட்டிப் பேராசிரியர் ஸ்வாமிநாதன் சார் பார்க்க வந்தபோதெல்லாம் ஐந்தே நிமிடத்தில் காணாமல் போனது.

இரண்டாவது தடவையும் அப்படி ஆனபோது அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "நான் இல்லாதப்ப மட்டும் வருத ரிசல்ட்டுக்கு வேற பேர் இருக்கும்மா. வெள்ளிக்கிழமை கடைசித் தடவை பாப்போம். வரலைன்னா உன் ஆராய்ச்சிப் பதிவை ரத்து பண்ண எழுதிருவேன்."

பொய்க் கணக்கு எழுதுகிறாள் என்று சொல்லாமல் சொன்னார். அக்கா தலையைக் குனிந்து, "சரி சார்" என்றாள். அவர் ஸ்கூட்டர் இருக்கையில் கீரைச் சக்கையை அப்பி வைத்தது நான்தான். வேறு யார் மீதும் பழி போட வேண்டாம்.

அன்று மூலையில் உட்கார்ந்து அவரையே முறைத்துக்கொண்டிருந்ததால்தான் கண்ணில் பட்டது. சார் ஓயாமல் வெற்றிலை போடுகிறவர். சட்டைப்பையில் இருந்து டப்பியை எடுப்பார், சுண்ணாம்பைக் கட்டைவிரலால் வழித்து வெற்றிலையில் தடவுவார், விரலில் மிஞ்சியதைக் கதவு நிலையில் தீற்றுவார். நிலை முழுக்கக் காக்காய் எச்சம் போட்டதுபோல் வெள்ளைக் கோடுகள். பிறகு, "உனக்குக் குலுக்கவே தெரியலம்மா" என்று அக்கா கையிலிருந்து கண்ணாடிக் குழாயை வாங்குவார். அதே கட்டைவிரலால் வாயை அடைத்து, இரண்டு தடவை கவிழ்த்து நிமிர்த்துவார். அக்கா ராத்தூக்கம் கெட்டுக் கழுவிய குழாய்!

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். "எக்கா, சுண்ணாம்புல என்ன இருக்கு?"

"கால்சியம்தான். ஏன்லே?"

சொன்னேன். அவள் நடுரோட்டில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த சைக்கிள்காரர் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போனார்.

"கையக் கழுவிட்டு வாரும்வேன்னு சொல்லேன்" என்றேன்.

"அவர்ட்டயா? எப்படிலே சொல்லுவேன்? கையெழுத்துப் போடுதவர்லா."

"அப்ப ஆரத்தி எடு. சுண்ணாம்பும் மஞ்சளும் சேந்தா செவந்துரும்லா."

கிண்டலாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. வீட்டில் அம்மா அரைத்து வைத்திருந்த மஞ்சளில் வடிதாளை நனைத்து, கொடியில் காயப் போட்டு, சின்னச் சின்னத் துண்டாக வெட்டினாள்.

வெள்ளிக்கிழமை சார் வந்தார். வெற்றிலை போட்டார். நிலையில் தீற்றினார். குழாய்க்குக் கை நீட்டினார்.

"சார், ஒரு நிமிஷம்" என்றாள் அக்கா. மஞ்சள் தாள்களை மேசையில் வைத்தாள். "எங்கிருந்தோ கால்சியம் கலக்குது சார். குழாயத் தொடுத எல்லாரும் இதுல ஒரு தடவை தொட்டுருவோம்."

முதலில் அவள் விரல். தாள் மஞ்சளாகவே இருந்தது. அடுத்து ஆய்வக உதவியாளர் நூகு அண்ணாச்சி. அவரும் மஞ்சள். அவர் சாரைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்தார். சார் வேறு வழியில்லாமல் ஈரக் கட்டைவிரலை வைத்தார். தாளில் ரத்தமாய் ஒரு வட்டம்.

"சோப்பா இருக்கும்" என்றார். "சோப்புக்கும் செவக்கும்."

"வந்ததுல இருந்து நீங்க கை கழுவலையே சார்."

பயந்த குரலில், நிஜமான மரியாதையோடுதான் சொன்னாள். நூகு அண்ணாச்சிக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது.

சார் குழாயைத் தொடவில்லை. "நீயே குலுக்கு" என்றார். குலுக்கினாள். விளக்கு முன்னால் ஐந்து நிமிடம், பத்து நிமிடம். நீலம் அசையவில்லை. பிறகு அளந்த கால்சியக் கரைசலை ஒரு சொட்டு குழாயில் விட்டாள். நீலம் பைய வெளுத்து, பச்சை மட்டும் மிஞ்சியது. எத்தனையோ நாள் அந்தப் பச்சையைப் பார்த்துக் குமட்டியிருக்கிறேன். அன்றைக்குக் குமட்டவில்லை.

சார் அவளுடைய ஆய்வு அறிக்கையை எடுத்து, பதிவு தொடரலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்கு மேலே இன்னொரு வரியும் எழுதினார்: "மாணவியின் கவனக்குறைவால் ஏற்பட்ட மாசு, வழிகாட்டியால் கண்டறியப்பட்டு நீக்கப்பட்டது." ஒரு மன்னிப்பு இல்லை, தொண்டைக் கனைப்புகூட இல்லை. நேராகத் தொட்டிக்குப் போய்ப் புளிச்சென்று துப்பினார்.

அக்கா அந்த வரியை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு அதற்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டாள்.

"எக்கா, அதுக்கும் கீழ போடுதியே, வெக்கமால்ல?"

"எனக்கு ஆராய்ச்சிக்கு இன்னும் ரெண்டு வருசம் கெடச்சிருக்குலே. அந்தாளுக்கு ஒரு வரிதான் கெடச்சிருக்கு. வச்சிட்டுப் போட்டும். அம்மாட்ட மட்டும் சொல்லிராத, காலேஜுக்கே வந்துருவா."

அம்மாவிடம் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.