ஒரு புடவை, இரண்டு மனு

போன ஞாயிறு பெங்களூர் ஜீவனஹள்ளியில் ஒரு வளைகாப்பு. எங்கள் ஸ்கூல் ஆபீஸ் கிளார்க் செல்விக்கு ஏழாம் மாசம். மனையில் உட்கார்ந்திருக்கிறாள்... கண் மட்டும் வாசலிலேயே.

"வருவானா மிஸ்? பிறந்த வீடுன்னு எனக்கு இருக்கறது அவன் ஒருத்தன்தான்."

அவன் — தம்பி குமார். அத்திபெலேயில் நாலு பட்டுத்தறி ஓட்டுகிறான். சொந்த அக்கா வளைகாப்புக்கு ஏன் வரமாட்டான்? மூத்தார் முனிராஜ் இருப்பாரே! செல்வி வீட்டுக்காரரின் அண்ணன். ராமநகரத்தில் பட்டுக்கூட்டிலிருந்து நூல் எடுக்கிற யூனிட் வைத்திருக்கிறார்.

மலிவான சீனா நூலுக்கு இறக்குமதி வரியை ஏற்றாவிட்டால் பிழைப்பு போச்சு என்பது அவர் கட்சி. மாநில அரசும் அதைத்தான் டெல்லிக்கு எழுதுகிறது. ஏற்றினால் நூல் விலை ஏறித் தறி நின்றுவிடும் என்பது குமார் கட்சி. டெல்லி ஏற்றவில்லை. பொங்கலன்று இந்தப் பேச்சில் இருவரும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனவர்கள்தான்.

"இறக்குமதி வரி மத்திய அரசின் அதிகாரம். மாநிலம் கேட்கலாம், போட முடியாது" — வருஷா வருஷம் போர்டில் எழுதிப்போடுகிறேன். அது ஒரு கர்ப்பிணியை அழ வைக்கும் என்று எந்தப் பாடத்தில் இருக்கிறது?

குமார் வந்துவிட்டான். கையில் பச்சைப் பட்டு. செல்வி வாங்குவதற்குள் முனிராஜ் முந்தானையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"குறுக்கே ஓடற ஊடை நம்மூர் நூல். நெடுக்கே ஓடற பாவு சீனா."

"ஆமாண்ணா. பாவுக்கு அதுதான் அறாம தாங்குது, பொய் சொல்ல மாட்டேன். ஊடை உங்க யூனிட் நூல். மார்க்கெட்ல கேட்டு வாங்கினேன்."

சீனா நூலைவிடத் தன் நூல் விலை அதிகம் என்று அவருக்குத் தெரியாதா? முந்தானையைப் பழையபடி மடித்து வைத்தார். பிறகு அவரே அதைச் செல்வி கையில் கொடுத்தார்.

"கட்டிக்கோம்மா. நல்லா நெய்ஞ்சிருக்கான்."

செல்வி அழுதாள். நானும்தான், என்ன இப்போ?

பந்தியில் இருவரும் பக்கத்துப் பக்கத்து இலை.

"நாளைக்கு விதான சவுதாவுல மந்திரிகிட்ட மனு கொடுக்கறேன், வரியை ஏத்த டெல்லியை நெருக்கச் சொல்லி."

"கொடுங்கண்ணா. எங்க தறிக்காரங்களும் நாளைக்குத்தான் கொடுக்கறோம், ஏத்தக் கூடாதுன்னு."

புதுப் புடவையில் பாயசத்தோடு வந்து நின்றாள் செல்வி.

"ரெண்டு பேரும் ஒரே வண்டில போங்க. பெட்ரோலாவது மிச்சமாகட்டும்!"